அதே மாதிரி இன்னொரு ஆடு

மும்பையின் செம்பூரில் தனியாக அறை எடுத்துத் தங்கி, ஆடு மாடுகளைக் குளோனிங் செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் வேலையைக் கேள்விப்பட்டு, தாராவியிலிருந்து ஜைனம்பு அக்கா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். கணவர் இறந்தபின் அவருக்குத் துணையாயிருந்த வெள்ளாடு சாகக் கிடந்தது.

“இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு தருவியளாம்மா?”

“காதுல துளி சதை எடுத்து முயற்சி பண்ணலாம். அச்சு அசலா இருக்கும். ஆனா அதுக்கு உங்களைத் தெரியாதுக்கா.”

அவர் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்ப வேண்டாம்மா. எங்குரலு கேட்டா ஓடி வாரது இது ஒண்ணுதான்.”

மாலையில் ஆடு இறந்தது. நான் கிளம்ப எழுந்தபோது, அழுத முகத்தோடே கேட்டார்: “சாப்பிட்டியளா?”

மும்பைக்கு வந்தபின் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் இங்கே யாருமில்லை என்று அன்றுதான் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.