கிளப் தொட்டியில் ஒரு போர்க்கப்பல்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு போர்க்கப்பல் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தது.

பயப்பட வேண்டாம். கப்பலின் நீளம் ஒன்றரை அடி. கடல் – எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் ரிக்ரியேஷன் கிளப் தோட்டத்தில் இருக்கும் சிமென்ட் தொட்டி. அல்லி இலைகளை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஹாபி எக்ஸிபிஷனுக்காக அதைச் சமுத்திரம் ஆக்கியிருந்தார்கள்.

பூமிக்கு அடியிலிருந்து நிலக்கரி எடுக்கிற ஊரில் இருப்பவனுக்குப் போர்க்கப்பல் எதற்கு? நியாயமான கேள்வி. என் மனைவி சரோஜாவும் அதைத்தான் கேட்டாள்.

காரணம் அவள் தம்பிதான். சரக்குக் கப்பலில் வேலை. லீவில் வரும்போது ஒரு பெரிய அட்டைப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே முந்நூறு பிளாஸ்டிக் துண்டுகள். படத்தைப் பார்த்து ஒட்டினால் பீரங்கி, கொடிமரம், புகைபோக்கி எல்லாம் உள்ள போர்க்கப்பல். “ஒட்டி ஷோகேஸ்ல வெச்சிடுங்க அத்தான்” என்றான்.

ஷோகேஸா? தலையாட்டிப் பொம்மைக்கும் சிப்பி மாலைக்கும் நடுவில் ஒரு போர்க்கப்பலா? கப்பல் என்றால் ஓட வேண்டும். அதுவும் எப்படி? நான் கரையில் நிற்க, கையில் பெட்டி, பெட்டியில் பட்டன்... ரேடியோவில் ஓட வேண்டும்!

இந்த இடத்தில் எங்கள் குவார்ட்டர்ஸின் சின்ன ரூமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது என் ஆராய்ச்சிக்கூடம். பாதி தேய்த்த கண்ணாடியோடு ஒரு டெலஸ்கோப் அங்கே இருக்கிறது. நானே செய்ய ஆரம்பித்துக் கழுத்து வரை வந்த ஒரு வயலின். போட்டோ கழுவும் தட்டுகள். ஜெர்மன் மொழி கற்க வாங்கிய எட்டுப் புத்தகங்கள் – முதல் புத்தகத்தின் முதல் பாடம் மட்டும் அழுக்காகியிருக்கிறது. சரோஜாவின் தையல் மெஷின் மட்டும் சமையலறை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் முழங்காலையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தது. பிளாக்கில் ஆறு பெண்கள் அவளிடம் தையல் கற்றுக்கொள்ளத் தயார். இடம்தான் இல்லை.

“இதுவரைக்கும் ஒண்ணாவது முடிச்சிருக்கீங்களா?” என்றாள்.

“இதை முடிக்கிறேன் பார்.”

“சரி. கிளப் எக்ஸிபிஷன்ல, எல்லார் முன்னாடியும் ஓடணும். ஓடினா அந்த ரூம் பக்கமே நான் வரலை. ஓடலைன்னா திங்கக்கிழமை என் மெஷின் உள்ள வரும். சம்மதமா?”

சம்மதம் என்றேன். வீரம் அப்படித்தான் பேசும்.

ரேடியோவுக்கு எங்கே போவது? அதுவும் மைத்துனன் உபயம்தான். இரண்டு வருடம் முன்பு ‘குழந்தைகளுக்கு’ என்று அவன் கொண்டுவந்த ரிமோட் கார் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அச்சு முறிந்திருந்தது. முறித்தது குழந்தைகள் இல்லை. படியில் இறக்கிப் பார்த்தவன் நான். மோட்டாரும் ரேடியோவும் உயிரோடு இருந்தன. காரின் ஆவியைக் கப்பலுக்குள் புகுத்த வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு ஒரு மந்திரவாதி வேண்டும். மாடி வீட்டுக் கோதண்டம் வந்தார்.

கோதண்டத்துக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். நாலு மாடி உயர மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். என் கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, சோப்பு டப்பா மாதிரி இருக்குது? சரி வுடுங்க. ஓட்டிடலாம்.”

சைக்கிள் ஸ்போக்கை வெட்டிச் சுழலும் தண்டாக்கினார். பவுடர் டப்பாத் தகரம் விசிறியானது. தண்டு வெளியே வரும் ஓட்டையில் தண்ணீர் புகாமல் இருக்கச் சரோஜா உதட்டுக்குத் தடவும் வாசலின். நாலு பென்சில் செல். நடுவில், புகைபோக்கிக்கு நேர் கீழே, கட்டைவிரல் நகத்தின் நீளத்தில் ஒரு கண்ணாடி ஃப்யூஸ்.

“இந்தப் பொம்மைக்கு ஃப்யூஸ் எதுக்கு?” என்றேன்.

“ஃப்யூஸ் இல்லாத மெஷினை நான் தொட மாட்டேன் சார். அது பெருசோ சின்னதோ.”

வாளித் தண்ணீரில் விட்டோம். கப்பல் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பக்கவாட்டில் படுத்தது. மேலே பீரங்கிகள், அடியில் ஒன்றுமில்லை – சில மனிதர்களைப் போல. அடியில் கனம் வேண்டும். நான் ஊர்ப்பற்றில் இரண்டு நிலக்கரித் துண்டுகளை உள்ளே வைத்தேன். அவை ஊறி, நொறுங்கி, வாளியைக் கறுப்புக் காப்பியாக்கின.

“நெலக்கரிய கப்பல்ல எரிக்கத்தான் சார் வெப்பாங்க. வெயிட்டுக்கா வெப்பாங்க?” என்று சிரித்தார் கோதண்டம். மறுநாள் கடலூரிலிருந்து, வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார்.

சனிக்கிழமை பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வெள்ளோட்டம். பட்டனை அழுத்தினேன். கிர்ர்ர்... போனது! இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, மூன்றரை அடி. சோழர்கள் கடாரம் போனபோதுகூட இப்படிப் பூரித்திருப்பார்களா, தெரியாது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சரோஜா “ம்” என்றாள். கிளிப்பைச் சற்று அழுத்தியே போட்டாள்.

ஞாயிறு காலை. பெயிண்ட் அடிக்க வேண்டும், ஆடிக்கொண்டிருந்த புகைபோக்கியை ஒட்ட வேண்டும். சாம்பல் நிறத்தை நான் கலக்கிக்கொண்டிருந்தபோது கோதண்டம் வந்தார்.

“வேலை ஆரமிக்கப் போறீங்களா? இருங்க சார்.” குனிந்து கப்பலுக்குள் கையை விட்டு என்னவோ செய்தார். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகையின் சிவப்பு ஓரத்தைக் கிழித்து, ‘வேலை நடக்கிறது – தொடாதே’ என்று எழுதி, நூல் கோத்துக் கொடிமரத்தில் தொங்கவிட்டார். “ஷட்டவுன் குடுத்துட்டேன் சார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து நானே எடுத்துடறேன்.”

“சரி, சரி” என்றேன். ஆபீஸ்காரனின் “சரி, சரி” எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஃபைலைப் பார்க்காமல் போடும் கையெழுத்து அது.

பெயிண்ட் அடித்தேன். புகைபோக்கியை ஒட்டினேன். காய்ந்த பிறகு தள்ளி நின்று பார்த்தேன். கம்பீரம்! அந்தச் சிவப்புச் சீட்டு மட்டும்தான் திருஷ்டி. கழற்றி, ஜெர்மன் புத்தகத்தில் செருகிவைத்தேன்.

மதியம் கோதண்டம் சைக்கிளில் பறந்தார். ரிலீவர் வரவில்லையாம், செகண்ட் ஷிஃப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் போனார். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கையாட்டினேன்.

ஆக, ஐந்தரை மணி. தொட்டியைச் சுற்றிக் கூட்டம். தலைமை தாங்க ஒரு பெரிய ஆபீசர். மைக்கில் என் பெயர். முதல் வரிசையில் சரோஜா; அவளுக்குப் பின்னால் வருங்கால மாணவிகள் ஆறு பேரும். கப்பலை இறக்கினேன். பட்டனை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.

மறுபடி அழுத்தினேன். ஏரியலை இழுத்தேன். பெட்டியைக் குலுக்கினேன். கப்பல் அல்லிப் பூவைப் பார்த்தபடி தியானத்தில் இருந்தது.

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே ஒரு பொருள் ஓடவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் விசாரணைக் கமிட்டி கூடிவிடும். “மாய்ஸ்ச்சர் சார், மாய்ஸ்ச்சர்” என்றார் பாய்லர்காரர். “மைன்ஸ் வயர்லெஸ் குறுக்கே வருது” என்றார் டெலிபோன்காரர். “ஓவர்லோடு. பீரங்கிய கழட்டுங்க” என்றார் கிரேன்காரர். புகைபோக்கியைத் தூக்கிப் பார்க்கலாம் என்றால், அதை நானே அழுத்தி ஒட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் ஓர் அற்புதம் நடந்தது. கப்பல் அசைந்தது. மெல்லத் திரும்பி, ராஜநடையாக, எதிர்க்கரையை நோக்கிப் போக ஆரம்பித்தது.

கைதட்டல்! ஆபீசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டே, பட்டம் கட்டிய அட்மிரல் மாதிரி நின்றேன்.

சத்தம்தான் இல்லை. அந்தக் கிர்ர்ர் இல்லை. கன்னத்தில் சாயங்காலக் காற்று மட்டும் சில்லென்று பட்டது...

வீட்டுக்கு நடந்து வந்தோம். கப்பல் என் கக்கத்தில்.

“ஓடிடுச்சே” என்றாள் சரோஜா.

கப்பலை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

“எல்லாரும் கை தட்டினாங்க. பெரியவர்கூடக் கையைக் குலுக்கினாரு. அப்ப ரூம் உங்களுக்குத்தான்.”

ஒரே ஒரு “ஆமாம்” போதும். டெலஸ்கோப், வயலின், ஜெர்மன் எல்லாம் பிழைத்துவிடும். சாட்சிக்கு ஊரே இருக்கிறது. வாயைத் திறந்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த ஆறு பெண்களில் ஒருத்தி, “பரவால்லைக்கா, தையலை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள்.

“அது காத்து” என்றேன்.

“தெரியும். என் முந்தானையும் அதே பக்கம்தான் பறந்துச்சு.”

“பின்னே ஏன் கேட்டே?”

“நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்.”

திங்கள் காலை தையல் மெஷினை நானே தள்ளிக்கொண்டுபோய் அந்த ரூமில் நிறுத்தினேன். ஏழு மணிக்குக் கோதண்டம் இறங்கிவந்தார். சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டு, கட்டைவிரல் நகத்தின் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது என்ன?”

“ஃப்யூஸ் சார். நீங்க வேலை செய்யறீங்கன்னு நான்தான எடுத்துகினு போனேன்?”

“இது உங்கள் பாக்கெட்டில் இருந்தால் கப்பல் எப்படி ஐயா ஓடும்?”

“ஓடக் கூடாதுன்னுதான் சார் எடுக்கறது! உள்ள ஆள் கை இருக்கச் சொல்ல எவனாச்சும் சுவிட்ச போட்டுட்டா? ஃப்யூஸு எடுத்தவன் பாக்கெட்லயே இருக்கணும். அதான் ரூலு. நேத்து சைக்கிள நிறுத்தாம, ‘சீட்ட கழட்டாதீங்க, வெச்சிகினு இருங்க’ன்னு கத்தினேனே? ஏன் கழட்டினீங்க?”

“பார்க்க நன்றாக இல்லை...”

கோதண்டம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாட்டினவன்தான் சார் கழட்டணும். எத்தினி வருசமா நெய்வேலில இருக்கீங்க?”

பதினேழு வருடம். அது மட்டுமல்ல. சுரங்கத்தில் ஒவ்வொரு சுவரிலும் ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதுவது எங்கள் செக்‌ஷன். ‘எச்சரிக்கைச் சீட்டை மாட்டியவரே கழற்ற வேண்டும்’ என்ற வாக்கியம் என் சொந்தப் படைப்பு. ‘கழட்ட’ இல்லை, ‘கழற்ற’தான் என்று சூப்பரின்டெண்டென்டோடு அரை நாள் சண்டை போட்டிருக்கிறேன். சுரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் படித்து அதன்படி நடக்கிறார்கள். எழுதியவனைத் தவிர.

கத்தியால் புகைபோக்கியைக் கெல்லி ஃப்யூஸைப் போட்டோம். பின்கட்டுத் தொட்டியில், துளிக் காற்று இல்லாத நேரத்தில், கப்பல் கிர்ரென்று நேராகப் போனது. சரோஜா ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் போகுது” என்றாள்.

“அப்போ... ரூம்...” என்று இழுத்தேன்.

“மெஷின் உள்ள போயாச்சுங்க.”

புதன்கிழமை ஆபீஸிலிருந்து வந்தேன். ரூமுக்குள் ஒரே சிரிப்பும் கத்தரிச் சத்தமும். டெலஸ்கோப் என்ன ஆயிற்று என்று பார்க்கலாமே என்று கதவில் கை வைத்தேன். தாழ்ப்பாளில் சிவப்பாக ஒன்று ஆடியது. ஜெர்மன் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறாள். அதே நூல், அதே கோதண்டத்தின் எழுத்து: ‘வேலை நடக்கிறது – தொடாதே.’ கீழே புதிதாக ஒரு கையெழுத்து மட்டும் – சரோஜா.

கையை எடுத்துக்கொண்டேன். மாட்டியவரே கழற்ற வேண்டும்.