அடுத்த வீட்டுப் பெத்தம்மா

சகாயம்மாள் கல்யாணமாகி வந்த ஊரில் மொத்தமே ஆறு தெரு. அந்த ஆறிலும் ஒரே பேச்சு கிடையாது. ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டைத் தாண்டி வயல்களுக்கு நடுவே கிடந்த சின்ன ஊர் அது. கோயிலைச் சுற்றித் தமிழ் பேசும் நெசவுக்காரர்கள். அடுத்த தெருவில் வெளியே தமிழும் வீட்டுக்குள் தெலுங்குமாக வாழ்கிற நெசவுக்காரர்கள். ஏரிக்கரையோரம் உருது பேசும் சில வீடுகள். பயிர் வைக்கிறவர்களுக்கு ஒரு தெரு, ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி, மாதா சிலை வைத்த கெபியை ஒட்டினாற்போல் கிறிஸ்தவர்கள். சேத்துப்பட்டுப் பக்கத்தில் எங்கு திரும்பினாலும் கோயில் மணி கேட்டு வளர்ந்த சகாயம்மாளுக்கு, இங்கே தன் ஜனம் ஒரு கைப்பிடி என்பது வந்த அன்றே உறைத்தது.

அந்தக் கைப்பிடியோடும் அவளால் சேர்ந்து இருக்க முடியவில்லை. அவள் புருஷன் அடைக்கலசாமிக்குத் தறிக்குழி தோண்ட இடம் வேண்டியிருந்தது. கெபித் தெருவில் இடமில்லை. தெலுங்குத் தெருவின் கடைசி வீடு காலியாக இருந்தது. குடி போனார்கள். அடுத்த வீடு கிருஷ்ணம்மாளுடையது. நடுவில் இடுப்புயர மண்சுவர். கிருஷ்ணம்மாள் சகாயம்மாளைவிடப் பத்து வயசு மூத்தவள். புருஷன் ரங்கசாமி சாயப்பட்டறைக்குப் போய்வந்தார். குழந்தை இல்லை.

எழுபத்து மூன்றில் ஜெபராணி பிறந்தாள். அவள் தவழத் தொடங்கிய சமயம் நெசவு முதலாளி இரண்டாவது தறிக்கும் பாவு நூல் கொடுத்தார். சகாயம்மாளும் தறியில் உட்கார வேண்டியதாயிற்று. தவழ்கிற குழந்தைக்குத் தறிக்குழி எமன். கிருஷ்ணம்மாள் சுவருக்கு மேலே இரண்டு கையையும் நீட்டினாள். சகாயம்மாள் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு அது பெரிய உதவியாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் அவள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஜெபராணி தலையை ஆட்டி, "நாக்கு வத்து, நாக்கு வத்து" என்றாள். நாக்கு வற்றிப்போயிற்று போலிருக்கிறது என்று சகாயம்மாள் பதறித் தண்ணீர் கொடுத்தாள். குழந்தை டம்ளரைத் தட்டிவிட்டு அழுதது. வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அழுகை கேட்டுச் சுவரோரம் வந்து நின்ற கிருஷ்ணம்மாள் சிரித்தாள்.

"எனக்கு வேணாம்னு சொல்லுது, சகாயம். வயிறு ரொம்பிப்போச்சு போல."

தன் வயிற்றில் பிறந்தது பேசுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரி அர்த்தம் சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று சகாயம்மாளுக்கு அன்று பற்றிக்கொண்டது. அதன் பிறகு அது அணையவே இல்லை.

பெயர் விஷயம் இன்னும் மோசம். பெரியம்மாவைத் தெலுங்கில் பெத்தம்மா என்பார்கள். ஜெபராணி கிருஷ்ணம்மாளை அப்படித்தான் கூப்பிட்டாள். கேட்கும்போதெல்லாம் சகாயம்மாளுக்குத் தறியில் கால் தடுமாறும்.

"பெத்தவ நானு. பெத்தம்மா அவளா?" என்று அடைக்கலசாமியிடம் கேட்டாள்.

"அவங்க பாஷைல அது வேற. புள்ள நல்லாத்தானே வளருது? சும்மா பேஜார் பண்ணாத" என்றான் அவன்.

அவனிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் நேரே சுவரோரம் போனாள்.

"யக்கா, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. புள்ளகிட்ட தமிழ்லயே பேசுங்க. நாளைக்கு இஸ்கூல் போவணும்."

 "செரி சகாயம்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

சொன்னபடியே நடந்தாள். மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கிப்போயிற்று. முன்பெல்லாம் தறியில் உட்கார்ந்தால் ஓயாத கொஞ்சலும் குழந்தையின் சிரிப்பும் காதில் விழும். இப்போது ராட்டினம் சுற்றுகிற சத்தம் மட்டும். சகாயம்மாளுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. ஆனால் ஜெபராணி சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை.

கிருஷ்ணம்மாளே ஒருநாள் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கு வெல கேக்கற தமிழு தெரியும், சண்ட போடற தமிழு தெரியும். கொஞ்சற தமிழு வரல, சகாயம். நான் இன்னா பண்றது?"

சகாயம்மாளுக்குக் கண் கலங்கியது. கலங்கியதற்காகவும் அவள்மேல் கோபம் வந்தது. "உங்க இஷ்டம்போல பேசுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் பழைய சிரிப்பு கேட்டது. இந்தப் பக்கம் அவள் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்.

வருஷங்கள் போயின. ஜெபராணி பள்ளிக்கூடம் போனாள், தமிழ் எழுதினாள், கெபியில் ஜெபமாலை சொன்னாள். புதுசாக ஏதாவது நடந்தால் மட்டும் முதலில் சுவர் ஏறிக் குதித்துப் போய் அங்கே சொல்லிவிட்டுத்தான் இங்கே வருவாள். சகாயம்மாளுக்கு மகளின் சேதி எப்போதும் இரண்டாவதாகவே வந்து சேர்ந்தது.

எண்பத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. களம்பூரிலிருந்து வந்த சுப்பராயலு வாத்தியார் தெருத்தெருவாக எழுதிக்கொண்டு வந்தார். தெலுங்குத் தெருவில் கிறிஸ்தவ வீட்டைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஊரு ஒரு ஊருங்களா, ஒரு ஜில்லாங்களா? தெருவுக்குத் தெரு பேனாவ வேற மாதிரி ஓட்ட வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஜெபராணியைப் பார்த்துச் சிரித்தார். "உன் தாய்மொழி இன்னாம்மா?"

"தெலுங்கு."

"உங்க அம்மா தமிழ் பேசறாங்களே?"

"இந்த அம்மா தமிழு. பெத்தம்மா தெலுங்கு" என்றாள் ஜெபராணி.

வாத்தியார் சகாயம்மாளைப் பார்த்தார். "நீங்க பெத்தவங்க இல்லீங்களா?"

"நான்தாங்க பெத்தவ. தமிழுன்னு எழுதுங்க."

அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கிருஷ்ணம்மாள் அதே சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததையும், அதை முந்தானையால் அவள் மூடிக்கொண்டதையும் சகாயம்மாள் பார்த்துவிட்டாள். அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

அந்த ஜூன் மாதமே ஜெபராணியைச் சேத்துப்பட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நல்ல படிப்பு என்று ஊருக்குச் சொன்னாள். தனக்கு முழுசாக இல்லாதது கிருஷ்ணம்மாளுக்கும் வேண்டாம் என்பதுதான் உள்ளே இருந்தது. பஸ் ஏறும்போது மகள் அழுதாள். சகாயம்மாள் அழவில்லை. திரும்பி வந்து தறியில் உட்கார்ந்த பிறகுதான், சுவரின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைதியாகிவிட்டதைக் கவனித்தாள்.

முதல் முறை மகளைப் பார்க்கப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணம்மாள் சுவருக்கு மேலே ஒரு டப்பாவை நீட்டினாள். அவள் கையால் எண்ணெயில் சுட்ட எள்ளடை.  சகாயம்மாள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விடுதி மரத்தடியில் ஜெபராணி ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"பெத்தம்மா குடுத்துதா?"

"நான்தான் சுட்டேன்" என்றாள் சகாயம்மாள்.

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.  எட்டு வயசுக் குழந்தை தாயின் பொய்யை மரியாதையாக விழுங்குவதுபோல மீதியைத் தின்றுமுடித்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. சேத்துப்பட்டிலிருந்து ஆரணி வரை பஸ்ஸில் சகாயம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் கிருஷ்ணம்மாள் காத்திருந்தாள். "தின்னுச்சா?"

இல்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நான் சுட்டதுன்னு சொன்னேன். நம்பல" என்றாள் சகாயம்மாள். காலி டப்பாவைச் சுவர்மேல் வைத்தாள். "அடுத்த வாட்டி நீங்களே வந்து குடுங்க. எனக்கு வேற வேல இல்லையா?"

அடுத்த மாதம் இரண்டு பேரும் போனார்கள். மரத்தடியில் கிருஷ்ணம்மாளும் ஜெபராணியும் ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். சகாயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தன் பையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சுவரோரம் கேட்டும் அந்தப் பாஷையை ஒரு வார்த்தை கற்றுக்கொள்வதில்லை என்று பிடிவாதமாக இருந்தவள் அவள். மணி அடித்ததும் ஜெபராணி ஓடிவந்து அவளைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். அதுவும் கிருஷ்ணம்மாள் சொல்லிக்கொடுத்துத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பும் பஸ்ஸில் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அவ்ளோ நேரம் இன்னா பேசிகினு இருந்தீங்க?"

"ஒரு பொண்ணு இவ சீப்ப எடுத்துகினு தர மாட்டேங்குதாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான், சகாயம்."

சகாயம்மாள் நம்பவில்லை. ஜெபராணி பத்தாவது முடித்து வருகிற வரை மாதாமாதம் அவர்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் போய்வந்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பும்போது அவள் அதையே கேட்டாள். கிருஷ்ணம்மாள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒரு முறைகூட அவளுக்குத் திருப்தியாகவில்லை.