ஊசியை நிறுத்தச் சொன்ன பெரியப்பா

ஒரு வாரமாக எனக்குக் கோபம். இன்னும் இறங்கவில்லை. இந்த வாரம் சிரிப்பெல்லாம் கிடையாது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள் ஜெயந்தி. திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வேலை. கணவர் லாரி டிரைவர், பாதி நாள் வெளியூர். ஒரே மகள் தர்ஷினி, மூன்றாம் வகுப்பு. அவளுக்குச் சர்க்கரை நோய் — குழந்தைகளுக்கு வருகிற வகை. உடம்பில் இன்சுலினே சுரக்காது. தினமும் ஊசி. ஆயுசுக்கும் ஊசி.

அன்று காலை மாடியில் அலறல். ஓடினேன். தர்ஷினி வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தாள். மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வேகமாக. அப்படியே அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

"ஊசி போட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்" என்றாள் ஜெயந்தி. நிறுத்திவிட்டாளாம்!

அகரம் பக்கம் யாரோ ஒரு வைத்தியர். பொடி, கஷாயம். ஊசியை விட்டால்தான் மருந்து பிடிக்கும் என்பது அவர் கண்டிஷன்.

கூட்டிப் போனவர்? கணவரின் அண்ணன். ரெட்டியார்சத்திரத்தில் பூ விவசாயம். மதியம் ஐசியூ வாசலுக்கு வந்தவர், எல்லோர் காதிலும் விழும்படிச் சத்தம் போட்டார்.

"பெத்தவளுக்குப் புத்தி வேணாமா? நான் ஆயிரம் சொல்வேன்... அம்புட்டையும் கேட்டுருவாளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏங்க, வண்டியில கூட்டிட்டுப் போனதே நீங்கதான?"

"நல்லதுக்குத்தானம்மா சொன்னேன்!"

நல்லதுக்கு! இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனை பேர் தப்பிக்கிறார்கள்? குணமானால் பெருமை அவர்களுக்கு. குழந்தை சாய்ந்தால் பழி பெற்றவளுக்கு. அந்த வைத்தியரோ போனையே எடுக்கவில்லை.

ஜெயந்தி மீதும் எனக்குக் கோபம்தான். கேட்டேவிட்டேன், "நீ ஏன்டி நிறுத்துன?"

"குத்துறப்பல்லாம் என் மூஞ்சியவே பாப்பாக்கா. அழக்கூட மாட்டா. இனி குத்த வேணாம்னு அவ பெரியப்பா சொன்னதும்... சாமியே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு."

அதற்கு மேல் அவளை என்ன திட்ட? அந்த ஆசையைத்தானே காசாக்குகிறார்கள், பாவிகள்!

தர்ஷினி பிழைத்துக்கொண்டாள். வார்டுக்கு மாற்றிய அன்று நர்ஸ் ஊசியை நீட்டி, "நீங்களே போடுங்கம்மா" என்றார். தர்ஷினி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஆனாலும் ஜெயந்தி போட்டாள்.

பெரியப்பா மட்டும் சட்டென்று வெளியே போய்விட்டார். ஊசியைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றுமாம்!