பின்னால் யாரும் இல்லாத வண்டி

என் தங்கை இரண்டே பேர் உட்காரும் வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் யாரும் விலையைக் கேட்கவில்லை. அந்த இரண்டாவது ஆள் யார் என்றுதான் கேட்டார்கள்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு டயாலிசிஸ் மையத்தில் வேன் ஓட்டுகிறாள். காலையில் நோயாளிகளை வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும், சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். திரும்பும்போது பாதிப் பேர் துவண்டுபோயிருப்பார்கள். யாருக்கு மயக்கம் வருகிறது, யார் வாந்தி எடுக்கப் போகிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். சனியும் ஞாயிறும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் எங்கள் தம்பி குடும்பத்துக்கு ஓட்டுவாள்.

தம்பிக்கும் ஓட்டத் தெரியும், சின்னக் கார் ஒன்றும் இருக்கிறது. சனிக்கிழமை ஆனால் அவனுக்குக் கழுத்து வலி வந்துவிடும். மகனுக்கு நீச்சல், மகளுக்குப் பாட்டு வகுப்பு, மாமியாருக்கு முட்டிப் பயிற்சி, பிறகு கடை. எல்லாவற்றுக்கும் என் தங்கையின் ஏழு சீட் வண்டிதான். அவள் போட்ட பெட்ரோல், அவர்கள் சொல்லும் வழி. குழந்தைகள் அவளை ‘ஸ்டியரிங் அத்தை’ என்று கூப்பிடுவார்கள். அதை அவள் ரசித்து நான் பார்த்ததில்லை.

அந்த ஏழு சீட் வண்டியைக் கொடுத்துவிட்டு, மேல்கூரை திறந்து மூடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறேன், வார இறுதியில் ஓட்டுவதற்கு என்று அவள் அறிவித்தபோது நாங்கள் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அவள் எழுந்து போனதும் தம்பி என் பக்கம் நாற்காலியை இழுத்தான்.

“பெரியக்கா, நீயும் அவகூட போ. ஏதாவது ஒரு குறை கண்டுபிடி. நீ சொன்னா கேப்பா.”

“அப்படியே அந்த சீட் யாருக்குன்னும் பாத்துட்டு வந்துடுங்க, அண்ணி,” என்றாள் அவன் மனைவி. “இந்த வயசுல யாராவது ஏமாத்திடப் போறாங்க.”

அவளுடைய கவலை ஏமாற்றுகிறவனைப் பற்றியது அல்ல, சனிக்கிழமையைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வீட்டில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்று, அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றவள் நான். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று யார் சொன்னாலும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். தங்கை மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

முதலில் போனது ஊருக்கு வெளியே இருந்த ஒரு பழைய கார் கடை. விற்பனையாளன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான்.

“பையனுக்கா, மேடம்?”

“எனக்கு,” என்றாள் தங்கை.

வண்டி சிவப்பு. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. அவன் முன் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே வெறும் பள்ளம், ஒரு பெட்டி வைக்கலாம்.

“இன்ஜினைக் கழட்டி வித்துட்டீங்களா?” என்றேன்.

“இதுல இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கும், மேடம். நடுவுல.”

நான் நம்பவில்லை. தங்கையைப் பார்த்தேன். “ஆமாக்கா, அதுக்காகத்தான் இதைத் தேடறேன்,” என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. என் சந்தேகம் ஒரு படி ஏறியது.

அவள் சீட்டுக்குப் பின்னால் இருந்த மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்தேன். நிழலில் நிறுத்தியிருந்தும் நன்றாகச் சுட்டது.

“இன்னிக்கு யாராவது ஓட்டினாங்களா?”

“இல்ல மேடம். ரெண்டு வாரமா இந்த இடத்தை விட்டு அசையல.”

“அப்ப வண்டிக்குக் காய்ச்சல்,” என்றேன்.

குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பினால் வரக்கூடிய சத்தத்தை மறைக்க, முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறான். தங்கை வாக்குவாதம் செய்யவில்லை. அவன் கையில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

இரண்டாவது வண்டி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் இருந்தது. கரும்பச்சை நிறம், கறுப்புத் துணிக் கூரை. இன்ஜின் மூடி சில்லென்று இருந்தது. கிளப்பியதும் ஒருமுறை இருமிவிட்டுச் சீராக ஓடியது. அவர் ஷெட்டிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தார்.

“ஏன் விக்கறீங்க?” என்று தங்கை கேட்டாள்.

“குழந்தை பொறந்திருக்கு. இதுல மூணு பேர் போக முடியாது.”

நான் கொடியைப் பார்த்தேன். பெரியவர்களின் துணி மட்டும்தான் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் குழந்தை வண்டி இல்லை. வீட்டுக்குள்ளிருந்து முனகல்கூட வரவில்லை. இவரும் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்து, மோதிய வண்டியாக இருக்குமோ என்று கதவு இடுக்குகளில் விரலை ஓட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தன. சீட்டுக்குப் பின்னால் தலையை விட்டு மோந்து பார்த்தேன். ஈரத்துணியை மூடி வைத்த வாடை.

“கொஞ்சம் தண்ணி வேணும்,” என்றேன்.

“குடிக்கவா?”

“ஊத்த.”

தோட்டக் குழாயை இழுத்து வந்து, மூடிய கூரையின் மேல் தங்கை தண்ணீர் விட்டாள். கூரையில் விழும் தண்ணீர் இரண்டு ஓரங்களிலும் உள்ள துளைகளில் இறங்கி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியே வர வேண்டுமாம். வலது பக்கம் வந்தது. இடது பக்கம் ஒரு சொட்டு இல்லை. உள்ளே கையை விட்டேன், சீட்டுக்குப் பின்னால் விரிப்பு நனைந்துகொண்டிருந்தது.

தம்பி கேட்ட குறை கையில் கிடைத்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. போனைக் காதில் வைத்தால் சரியாகக் கேட்பதில்லை என்பதால் நான் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். ஷெட்டுக்குள் தம்பியின் குரல் கணீரென்று கேட்டது.

“பெரியக்கா, குறை ஏதாவது கெடைச்சுதா? அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?”

“அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டேன்.

தங்கை குழாயை மூடினாள். “எந்த ஆள்?”

“ரெண்டாவது சீட்டுல உக்காரப் போற ஆள். வீட்டுல எல்லாருக்கும் அதுதான் கவலை. எனக்கும்தான்.”

கண்ணாடிக்காரர் ஷெட் கூரையில் என்னவோ இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டார். தங்கைக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும்.

“என் முதுகுக்குப் பின்னாடி ஆள் இல்லாத ஒரு நாள் சொல்லுக்கா. வாரம் பூரா நோயாளிங்க. அவங்க பாவம், முடியாம வர்றாங்க. சனி, ஞாயிறு நம்ம வீடு. ஏசியக் கூட்டு, ஏசியக் கொறை, இங்க நிறுத்து, அங்க திருப்பு. கண்ணாடியப் பாத்தா ஏதாவது ஒரு மூஞ்சி. இதுல எனக்குப் பின்னாடி இன்ஜின் மட்டும்தான். அது கத்தும். ஆனா எங்கிட்ட ஒண்ணும் கேக்காது.”

“பின் சீட் இல்லாத வண்டிதானே வேணும்? இன்ஜின் முன்னாடி இருந்தா என்ன?”

“முன்னாடி இருந்தா பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கும். இடம் இருந்தா உன் தம்பி புள்ளைங்கள்ல ஒண்ணை மடிச்சு வெச்சுடுவான்.”

இதில் பொய் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மறுபடி அவள் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. அடுத்ததாகக் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் ஒரு கையால் அலமாரியைப் பிடித்து, மூச்சை இழுத்து, முக்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்.

“குழந்தை எங்க?”

அவர் பாதி எழுந்தபடியே நின்றார். “குழந்தை இல்லம்மா. இடுப்பு. உள்ள உக்காந்தா வெளிய வர முடியல. அதைச் சொன்னா, இந்த வண்டிதான் இடுப்ப ஒடைச்சுதுன்னு வாங்க வர்றவங்க ஓடிடறாங்க.”

“அப்படி ஒடைச்சுதா?”

“கடையில குனிஞ்சு குனிஞ்சு வந்தது.”

இதை நம்பினேன். எழுந்த விதம் பொய் சொல்லாது.

தங்கையை உள்ளே உட்காரச் சொன்னேன். வண்டி அவ்வளவு தாழ்வு, தரையிலே உட்கார்ந்ததுபோல இருந்தது. வெளியே வரும்போது கதவைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்து, இடுப்பை முறுக்கி எழப் பார்த்தாள். முகம் சுளித்தது. உனக்கு முட்டி தாங்காது, வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தம்பி வீட்டில் எனக்கு அன்றைக்கு நல்ல சாப்பாடு கிடைத்திருக்கும்.

“இப்படி முறுக்கினா நீயும் அடுத்த வருஷம் முக்காலியிலதான்,” என்றேன். “ரெண்டு முட்டியயும் சேத்து வை. அப்படியே திரும்பு. ரெண்டு பாதமும் தரைக்கு வந்தப்புறம் மூக்க முன்னாடி கொண்டு வா. இப்ப எழு.”

எழுந்தாள். இன்னும் சில தடவை செய்யச் சொன்னேன். பக்கத்தில் கண்ணாடிக்காரரும் முக்காலியில் உட்கார்ந்து செய்து பார்த்தார். “அட,” என்றார்.

அடைத்துக்கொண்டிருந்த துளைக்குள், அவரிடம் இருந்த புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றை விட்டுக் குத்தினோம். மக்கிய இலை கறுப்பாகக் கொட்டியது. மறுபடி தண்ணீர் விட்டோம், இரண்டு பக்கமும் வெளியே வந்தது. நனைந்த விரிப்புக்காக அவர் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பிறகு தங்கை பக்கத்து ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தப் பக்கத்து சீட்டைக் கழட்ட முடியுமா?”

இப்போது அவர் முகத்தில் சந்தேகம். “எதுக்கும்மா? என்ன ஏத்தப் போறீங்க?”

“ஒண்ணும் ஏத்தாம இருக்கத்தான்.”

“நாலு போல்ட்தான். ஆனா கழட்டினா முன்னாடி மீட்டர்ல ஒரு எச்சரிக்கை வெளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கும்.”

“எரியட்டும். அது போன் பண்ணிக் கூப்பிடாதுல்ல?”

வண்டி வீட்டுக்கு வந்த சேதி கேட்டதும் தம்பி மனைவி புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். “ஒருத்தருக்கு இடம் இருக்கே அண்ணி! மொதல்ல அம்மாவை விட்டுட்டு வந்து, அப்புறம் பெரியவன், அப்புறம் சின்னவ. நாலஞ்சு நடை அடிச்சா முடிஞ்சுது.” தங்கை இதைத்தான் எதிர்பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை தம்பி குடும்பம் வாசலில் பையும் துண்டுமாக வரிசையில் நின்றது. தங்கை கூரையைத் திறந்து போட்டு வந்து நிறுத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் சீட் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் பாட்டில் ஒன்று நின்றது, அவ்வளவுதான்.

“சீட் எங்க?” என்றான் தம்பி.

“பெரியக்கா வீட்டுல.”

“நாங்க எப்படிப் போறது?”

“உன் கழுத்தக் கேளு,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். தெருமுனை திரும்பும்வரை அந்த இன்ஜின் கத்தியது கேட்டது.

எங்கே போகிறாள் என்று பிறகு கேட்டேன். அணை வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னாள். இருக்கலாம். முடியில் காற்றின் சிக்கலும் மூக்கில் வெயிலும் தெரிகின்றன. மற்றதை நான் தோண்டவில்லை.

சீட் என் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே தரையில் இருக்கிறது. நாலு போல்ட்டும் ஊறுகாய் பாட்டிலில். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தம்பி எல்லாரையும் தானே ஓட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நியாயம் கேட்க என் வீட்டுக்கு வந்தான். சீட்டைச் சுற்றி நடந்தான். அடியில் குனிந்து பார்த்தான், யாருடைய கைக்குட்டையாவது கிடைக்கும் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு அதிலேயே தொப்பென்று உட்கார்ந்தான்.

“ஒருத்தர் தாராளமா உக்காரலாம். வீணாக் கழட்டிப் போட்டிருக்கா,” என்றான்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழப் பார்த்தான். முடியவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்தான், இடுப்பை முறுக்கினான், “பெரியக்கா, கை குடு,” என்றான்.

கை கொடுக்கவில்லை. கை கொடுத்து இழுத்தால் என் முதுகு போகும்.

“ரெண்டு முட்டியயும் சேத்து வை,” என்றேன்.