கிறிஸ்டினா செய்த திருத்தம்

மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் இருந்தபடியே கிறிஸ்டினா இணைய உலாவி ஒன்றுக்கு வேலை செய்துவந்தாள். பக்கத்தில் எந்த எழுத்து எந்த நிறத்தில், எந்த அளவில் வரவேண்டும் என்று கணக்கிடும் பகுதி அவளுடையது. அந்த வேலைக்கு அவளுக்கு வழிகாட்டியவன் கார்முகில். கல்லூரியில் சீனியர், பக்கத்து நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். இப்போது பெங்களூரிலிருந்து அதே பகுதியைப் பார்த்துக்கொள்கிறான்.

முன்பு இருவரும் கல்யாணம் செய்துகொள்ள இருந்தார்கள். பெண் கேட்டு வந்தவனிடம் அவள் அப்பா இன்னாசிராஜ், "ஞானஸ்நானம் வாங்கிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமயே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்" என்றார்.

"கோயிலுக்கு வர்றேங்க. ஞானஸ்நானம் வாங்கிப் பேரை மாத்திக்க முடியாதுங்க" என்றான் அவன்.

இருவரும் தாங்களாகவே பதிவுத் திருமணம் என்று நாள் குறித்தார்கள். அன்று கிறிஸ்டினா வடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். அம்மா இல்லாத வீட்டில் அப்பா தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டாள். அவன் ஏன் என்று கேட்கவே இல்லை. அதன்பின் அவள் எழுதும் நிரல்களைச் சரிபார்த்து, "இந்தப் பெயரை மாற்றவும்" என்று ஒரு வரி எழுதுவதோடு சரி.

இந்த வருடம் பழைய நிரலை அவள் ஒழுங்குபடுத்தினாள். நாலு இடத்தில் சிதறிக் கிடந்த சோதனைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாள். வேகமும் கூடியது. ஆனால் ஆங்கிலப் பத்தியை அடுத்து வரும் தமிழ்ப் பத்தியில் வரிகள் நெருங்கி, எழுத்துகளின் மேல்சுழிகள் வெட்டுப்பட்டன. எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அவனையே அழைத்து, தன் திரையைப் பகிர்ந்தாள்.

அவன் திரையைப் பார்த்தான். "ரெண்டு பத்தியும் ஒரே மாதிரி இருந்தா, முதல்ல கணக்குப் பண்ணினதையே அடுத்ததுக்கும் குடுக்குது இல்ல? குடுக்கறதுக்கு முன்னாடி மொழி ஒண்ணான்னு பாக்குதா?"

"அய்யோ. அந்த மொழிச் சோதனை பழசுல தனியா இருந்திச்சு. விட்டுட்டேன்."

"நானா இருந்தாலும் விட்டிருப்பேன்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். திருத்தி ஓடவிட்டதும் சுழிகள் முழுசாக வந்தன.

"கிறிஸ்டி, வேற யாரும் சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னு சொல்றேன். எனக்கு நிச்சயமாயிடுச்சு. தையில கல்யாணம்."

"பொண்ணு பேரு?"

"தமிழ்நிலா. ஊரு திருவதிகை."

"நல்ல பேரு."

"இந்தத் தப்பு திரும்ப வந்தா காட்டிக்குடுக்கற மாதிரி ஒரு டெஸ்ட் எழுதிச் சேத்துடு, ஒப்புதல் குடுத்துடறேன். இனிமே நீ எழுதறதை வேற ஆளு சரிபாப்பாங்க. நான்தான் கேட்டுக்கிட்டேன்."

அவள் டெஸ்ட் எழுதி அனுப்பினாள். ஒப்புதல் உடனே வந்தது.

"யாருகிட்டம்மா பேசிக்கினு இருந்த? சிரிச்ச சத்தம் கேட்டுச்சு" என்று வாசலிலிருந்து கேட்டார் அப்பா.

"கார்முகில்பா. தையில கல்யாணமாம்."

இன்னாசிராஜ் உள்ளே வந்து அவள் அருகில் நின்றார். அவள் தோளைத் தொடக் கை நீட்டினார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.