கனிகோ உச்சிக்கு ஒதீல் சுமந்த கட்டு

ஒதீல் வாய் திறந்து ஒன்றைக் கேட்டு விலாரோ ஊரில் யாரும் பார்த்ததில்லை. ரொட்டிக் கடையில் விரலை நீட்டுவாள். கடைக்காரி எடுத்துக் கொடுப்பாள். சின்ன வயதிலேயே படிப்பை விட்டுப் பீச் பழம் அடுக்கும் கொட்டகைக்குப் போனவள், பின்னால் தான் படித்த பள்ளிக்கூடத்துச் சமையலறையிலேயே கரண்டி பிடித்தாள். எந்தப் பிள்ளை காரட்டைத் தட்டுக்கு அடியில் ஒளிக்கிறது, எது வீட்டில் அழுதுவிட்டு வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வாள். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

ஜூன் மாதம் யோவான் திருநாளுக்கு முந்தைய ஞாயிறன்று சுற்றியுள்ள ஒவ்வோர் ஊரும் ஒரு கட்டு விறகைக் கனிகோ மலை உச்சியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். திருநாளை ஒட்டி மேலே நெருப்பு தெரிந்த பிறகுதான் கீழே ஊர்களில் தீ வளர்ப்பார்கள். விலாரோவின் கட்டை வருஷா வருஷம் சுமந்தவன் அவள் கணவன் உர்பேன். போன குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சு அடைத்தது. மாடிப்படிகூட ஏறக்கூடாது என்றார் மருத்துவர்.

"வேற யார்கிட்டயாவது குடுங்களேன்," என்றாள் ஒதீல்.

"யார்கிட்ட? மேயரோட மருமகன்கிட்டயா? அவன் பாதி வழியில உக்காந்து சாசேஜ் தின்னுட்டு இறங்கிடுவான். நானே போறேன்."

"உங்க நெஞ்சு?"

"அதுவும் என்கூடத்தான் வரும்."

சொன்னால் செய்கிற மனிதன்.

"நான் கொண்டுபோறேன்."

உர்பேன் சிரித்தேவிட்டான். "நீயா? மலைக்குக் கீழயே பொறந்து வளந்து ஒரு நாளாவது ஏறியிருக்கியா? சரி, போ. ஆனா கட்டு திரும்பி வந்துச்சுன்னா, திங்கக்கிழமை காலையில நான் கிளம்பிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கட்டை எப்படிக் கட்டுவது என்று ஒதீல் அவனைக் கேட்கவில்லை. திராட்சைத் தோட்டத்தில் கழித்த கொடிகளைத் தன் அம்மா சுமந்த மாதிரியே முதுகில் குறுக்காகக் கட்டிக்கொண்டாள். குனிந்து நடந்தாலும் அப்படிக் கட்டினால் கழுத்தில் குத்தாது.

பைன் காடுவரை கஷ்டம் தெரியவில்லை. காடு முடிந்ததும் கல்லும் சரிவுமாக வந்தது. முன்னால் வேறோர் ஊர்க்காரி, சிவப்புக் காலுறை போட்ட ஒருத்தி போனாள். அவள் கால் வைத்த இடத்திலேயே ஒதீலும் வைத்தாள். உருகாத பனியில் அவள் குதிகாலை ஊன்றினால் இவளும் ஊன்றினாள். மூச்சு விசில் அடித்தது. நிற்கத் தோன்றும்போதெல்லாம் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

உச்சிக்குக் கீழே கடைசியாக ஓர் இடுக்கு. இரண்டு பாறைகளுக்கு நடுவே கையும் காலும் வைத்து ஏற வேண்டும். சிவப்புக் காலுறை ஏறி மறைந்தது. ஒதீல் பாதி ஏறியிருப்பாள். குறுக்கே கிடந்த கட்டு இரு பக்கப் பாறையிலும் முட்டி இறுகிவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

"ஏய் விலாரோ! பாட்டிலுக்குத் தக்கை மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்கிறியே!"

மேலே நின்று சத்தம் போட்டவன் தோரெய் ஊர் ஃபெரியோல். அவன் ஊர்க்கட்டு முதுகில் செங்குத்தாக நின்றது. தோரெய்க்கும் விலாரோவுக்கும் ஆகவே ஆகாது.

"அக்கா, கட்டை அவுத்துக் கீழ குடுத்துட்டு இறங்குங்க," என்றான் பின்னால் நின்ற ஒருவன். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்." கையையும் நீட்டிவிட்டான்.

அந்தக் கையில் கொடுத்தால் கட்டு வீட்டுக்குத்தான் போகும்.

"மேல இருக்கிறவரே!" தன் குரல் பாறையில் பட்டு எதிரொலித்ததில் ஒதீலுக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஒவ்வொரு குச்சியா உருவித் தரேன். வாங்கிக்குங்க."

"தோரெய்க்காரன் உங்க ஊரு விறகைத் தொடுறதா? சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிக்கட்டும். இது மேல போகலேன்னா என் புருஷன் தானே தூக்கிட்டு வருவாரு. வந்தா செத்துப்போயிடுவாரு."

ஃபெரியோல் தன் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பாறை விளிம்பில் குப்புறப் படுத்தான். "குடுங்க அக்கா."

தோள் கயிற்றிலிருந்து ஒதீல் மெல்ல நழுவி வந்தாள். கட்டுதான் பாறையில் இறுகிக் கிடந்ததே, விழவில்லை. ஒவ்வொரு குச்சியாக உருவி நீட்டினாள். அவன் வாங்கி மேலே நின்றவர்களிடம் கொடுத்தான். ஒரு குச்சி கை தவறியது. இறங்கச் சொன்னவனே அதை எட்டிப் பிடித்து, "இந்தாங்க, இது விட்டுப்போச்சு," என்று நீட்டினான்.

உச்சியில் நட்டிருந்த சிலுவையடியில் விறகு குவிந்திருந்தது. எது எந்த ஊருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒதீல் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டாள்.

"எங்க இருக்கே?" என்றான் உர்பேன்.

"சிலுவைகிட்ட."

"கட்டு?"

"சேந்துடுச்சு."

"நீயேவா தூக்கினே?"

"கடைசியில தோரெய்க்காரங்க தூக்கினாங்க. ஃபெரியோலுன்னு ஒருத்தர்."

"அந்தக் கழுதையா! போன வருஷம் தண்ணி கேட்டேன், காது கேக்காத மாதிரி போனான்."

"இப்ப எனக்கு ஒயின் ஊத்திக்கிட்டு இருக்காரு."

ஃபெரியோல் நீட்டிய கோப்பையை ஒரு கையில் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு?" என்று கேட்டாள் ஒதீல்.

"நாளைக்கு என்ன? கட்டுதான் போயிடுச்சே. வீட்டுல கிடப்பேன். ஒயினை நிறையக் குடிக்காதே. அந்த இடுக்குல இறங்குறப்ப மூஞ்சி பாறைப் பக்கம் இருக்கணும். கால் படுற வரைக்கும் கையை விடாதே. கேக்குதா?"

"கேக்குது. சொல்லுங்க," என்றாள் ஒதீல்.