மாமியும் சாத்தானை விட்ட நாள்

என் மகளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானதும், ஞானத்தாயாக நிற்கப்போவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இது எனக்கே ஆச்சரியம். பால் போதுமா, தொட்டில் கயிறு தாங்குமா என்று எல்லாவற்றிலும் சந்தேகப்பட்டு நான் தூங்காமல் கிடந்த மாதங்கள் அவை. அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய்த் தூங்குக்கா, இவ மூச்சு விடறாளான்னு நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவள் என் தங்கை. வேறு யாரை நிறுத்துவேன்?

பங்குத்தந்தை தலையை ஆட்டினார். சம்மதம் என்று ஆட்டவில்லை.

தங்கை ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பத்துப் பையனைக் காதலித்து ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டவள். மாதா கோயிலில் சாமியார் ஆசீர்வதித்து மந்திரிக்காத கல்யாணம். அதனால் அவள் பூசைக்கு வரலாம், பாடலாம், பெஞ்சு துடைக்கலாம். பூசையில் கொடுக்கும் அப்பத்தை, அதாவது நன்மையை, மட்டும் வாங்க முடியாது. நன்மை வாங்காதவள் ஞானத்தாயாக நிற்க முடியாது.

"மந்திரிச்சிட்டா சரியாப் போச்சும்மா. மாப்பிள்ளை வந்து ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்" என்றார் ஃபாதர்.

தங்கையிடம் சொன்னேன். "அவங்க வீட்ல என்னைச் சிரிச்சுக்கிட்டே உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஒரு கையெழுத்தும் கேக்கலை. நான் மட்டும் போய்க் கேக்கணுமாக்கா?" என்றாள்.  இதற்கு ஃபாதருக்கும் பதில் தெரியாது என்ற தைரியத்தில் மறுபடி போனேன்.

"எங்க மாமா ஞானத்தகப்பனா நிக்கலாம்ங்கிறீங்க. பிரசங்கம் ஆரம்பிச்சா டீக்கடைக்குப் போயிட்டு, காணிக்கைப் பாட்டுக்குத் திரும்பி வர்றவர் அவர்."

"திரும்பி வர்றார்ல?"

இந்தச் சட்டம் தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் பழைய சந்தேகப் புத்தி திரும்பிவிட்டது. அப்படிப் பேசியது பாவமா, வெறும் மரியாதைக் குறைவா? சனிக்கிழமை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டில், வலைக்கு இந்தப் பக்கம் போய் முழங்காலிட்டேன்.

"பங்குச் சாமியார்கிட்ட சத்தம் போட்டுட்டேன் ஃபாதர்."

"தெரியும்மா. எதிர்ல நான்தான் உக்காந்திருந்தேன்."

"சத்தம் போட்டதுக்குத்தான் மன்னிப்பு. சொன்ன விஷயத்துக்கு இல்லை."

வலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"இந்த ஊர்ல கோயிலுக்கா பஞ்சம்? வேற சபைக்குப் போயிடலாம்" என்றார் என் கணவர். நானும் யோசித்துப் பார்த்தேன். பூசையில் மணி அடித்தால் என் முழங்கால் என்னைக் கேட்காமலே மடங்கிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

கடைசியில் மாமா ஞானத்தகப்பனாகவும், நான் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா ஞானத்தாயாகவும் ஆனார்கள். அண்ணி நல்லவர், பக்தியுள்ளவர். குழந்தையைத் தூக்கினால் மட்டும் கொதிக்கும் பாத்திரத்தைப் போல உடம்பில் படாமல் பிடிப்பார். தங்கை இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "அழுது தொலைக்காதக்கா, போட்டோ கெட்டுப்போகும்" என்று எனக்கு உத்தரவு. அவள் பக்கத்தில், பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக அவளுடைய மாமியார். "ஆத்துக் குழந்தைக்கு விசேஷம், நான் வராம இருப்பேனா?" என்று மாமி காலையிலேயே வந்துவிட்டார்.

சடங்கு தொடங்கியது. ஃபாதர் பெற்றோர் இருவரையும் ஞானப்பெற்றோர் இருவரையும் பார்த்து, "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

"விட்டுவிடுகிறேன்" என்று நாங்கள் முணுமுணுத்தோம்.

"விட்டுவிடுகிறேன்!" என்று பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்.

மாமி! வாராவாரம் அவர் போகும் பாசுர வகுப்பில் ஒருவர் சொன்னால் அத்தனை பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவமரியாதை. ஃபாதர் ஒரு கணம் நிதானித்து, "அவனுடைய செயல்களை எல்லாம்?" என்றார். இந்தத் தடவை மாமி எங்களை முந்திக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. அண்ணியின் நீட்டிய கைகளில் குழந்தை குலுங்கியது. தங்கை சிவந்துபோய், "அம்மா, உங்களைக் கேக்கலை. முன்னாடி நிக்கற நாலு பேரைத்தான்" என்று கிசுகிசுத்தாள்.

மாமிக்குக் கிசுகிசுக்க வராது. "நாலு பேர் மட்டும் விட்டாப் போறுமா? இத்தனை பேர் உக்காந்துண்டிருக்கோமே, நம்மகிட்ட இருக்கறதை என்ன பண்றது?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள்கள் ஆடின. "அதுவும் நியாயம்தான். எல்லாரும் எழுந்திருங்க. முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

கோயிலே எழுந்து நின்றது. தங்கையும் எழுந்தாள். டீக்கடைக்குப் போயிருக்க வேண்டிய மாமா உட்பட எல்லோரும் முழுக் குரலில் சாத்தானை விட்டோம். பிறகு, "விசுவசிக்கிறீர்களா?" என்ற கேள்வி வந்தது. அதற்கு மட்டும் மாமி கண்ணை மூடி மௌனமாகிவிட்டார். ("சைத்தானை விடறதுல எனக்கு ஆக்ஷேபணை இல்லை. அதுக்கு மேல பெருமாளைக் கேக்கணும்" என்று பிற்பாடு விளக்கம் தந்தார்.) மாமி அடங்கியதால் அவர் பக்கத்தில் நின்ற தங்கையின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "விசுவசிக்கிறேன்."  கேட்கும்போது ஃபாதர் எந்தப் பெஞ்சைப் பார்த்தார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. போட்டோக்களில் என் மூக்கு சிவப்பாக இருப்பதற்குச் சிரிப்பு மட்டும் காரணமில்லை.

தண்ணீர் ஊற்றியபோது குழந்தையை அண்ணிதான் பிடித்திருந்தார். சட்டம் சட்டமாகவே இருந்தது. முடிந்த மறு நிமிஷம் குழந்தையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, "அப்பாடா" என்றார் அண்ணி.

வாசலில் ஃபாதரிடம் போனேன். "சட்டம் இன்னும் தப்புதான் ஃபாதர்."

"அடுத்த குழந்தைக்கும் இதே சட்டம்தாம்மா."

"அடுத்த குழந்தைக்கும் இதே சண்டைதான்."

"அடுத்ததா?" என்று தங்கை பின்னாலிருந்து கத்தினாள். "முதல்ல இவளுக்குத் தலை துவட்ட ஒரு துண்டு குடுக்கா!"